பாண்டிமீனா உட்கார்ந்த கதை

தல்லாகுளத்தில், கோர்ட்டுக்குப் போகிற சாலையை ஒட்டிய ஒரு அரசு அலுவலகத்தில் ஹம்சவேணி தட்டச்சராகச் சேர்ந்தபோது அவளுக்குக் கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை. இப்போது மூத்த மகன் ராகேஷ் பாலிடெக்னிக் போகிறான். இடையில் அவள் பிரிவுக்கு வந்துபோன சூப்பிரண்டுகளுக்குக் கணக்கே இல்லை. மேஜையில் தலைவைத்துத் தூங்கினவர் ஒருவர். வந்ததும் வராததுமாக ஊதுபத்தி ஏற்றி எல்லாரையும் இருமவைத்தவர் ஒருவர். கோப்பைத் திறக்காமலேயே "இது தேறாது" என்று ஜோசியம் சொன்னவர் ஒருவர். சூப்பிரண்டு என்றாலே இப்படித்தான் என்று அவள் ஒரு முடிவுக்கு வந்து, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் தட்டிக்கொண்டிருந்த காலத்தில்தான், தொண்ணூற்றெட்டாம் வருஷம், பாண்டிமீனா சூப்பிரண்டாக வந்து சேர்ந்தாள்.

வயதில் ஹம்சவேணியைவிட இளையவள். சொந்த ஊர் பேரையூருக்குத் தெற்கே ஒரு கிராமம். அப்பா கருப்பும் அம்மா இருளாயியும் அடுத்தவர் காட்டில் களையெடுத்து, பருத்தியெடுத்து அவளைப் படிக்கவைத்தவர்கள். அவள் பரீட்சை எழுதி நேராக வேலைக்கு வந்தவள். வந்த வாரமே பீரோவின் மேல் தூசி தின்று கிடந்த கோப்புகளையெல்லாம் இறக்கச் சொன்னாள். அலுவலக உதவியாளர் நல்லகாமன் தும்மித் தும்மி இறக்கிப் போட்டார். அவற்றை முடிக்கும்வரை அவளும் வீட்டுக்குச் சீக்கிரம் போகவில்லை, மற்றவர்களையும் விடவில்லை. திட்டினார்கள்தான். ஆனால் திட்டினவர்களே மறுமாதம் அவளிடம் தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு எந்தப் பரீட்சை எழுதலாம் என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

ஒருமுறை கட்சிக்காரர் ஒருவர் வந்து, தன் ஆளுக்குக் காரியம் ஆகவில்லை என்று மேஜையை ஓங்கித் தட்டினார். பாண்டிமீனா பேனாவைக்கூட கீழே வைக்கவில்லை.

"மெதுவாண்ணே. அரசாங்க மேஜை. ஒடஞ்சா நீங்கதான் வாங்கித் தரணும்" என்றாள்.

அறை முழுவதும் சிரித்தது. கடைசியில் கட்சிக்காரரும் வேறு வழியில்லாமல் சிரித்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் மகாலுக்குப் பக்கத்தில் இருக்கும் தன் வீட்டுக்குப் போனதும் ஹம்சவேணி, மாமியார் சாரதாம்பாளிடம் தங்கள் சௌராஷ்டிர பாஷையில் இந்தக் கதையை மேஜை தட்டும் சத்தத்தோடு நடித்துக் காட்டினாள். வாசற்படி ஏறினால் அந்தப் பாஷை, இறங்கினால் தமிழ். எப்போது மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அந்த வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லித்தந்ததில்லை, யாரும் தவறியதும் இல்லை. "பொம்பளைன்னா இப்படில்ல இருக்கணும்" என்று சாரதாம்பாளே அதே பாஷையில் சொல்லிவிட்டாள்.

அப்பேர்ப்பட்ட பாண்டிமீனாதான், ஆவணி மாதத்தில் ஒருநாள், நாற்காலியைவிட்டு எழுந்து நின்றாள்.

முற்பகல் நேரம். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. எண்ணெய் ஊறிய தோல் செருப்பு, அடிக்கு ஒரு தரம் கிறீச்சிட்டது. பிறகு ஒரு செருமல். அதற்குப் பிறகுதான் ஆள் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் மடிப்புக் கலையாத துண்டு. எழுபது வயது இருக்கும், முதுகு வளையவில்லை. உள்ளே இருந்தவர்கள் யாரையும் பார்க்காமல், எல்லாருடைய தலைக்கும் மேலே சுவரைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பாண்டிமீனா ஒரு கோப்பில் பாதிக் கையெழுத்தில் இருந்தாள். மீதி அப்படியே நின்றுவிட்டது. நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. அவள் மேஜையைவிட்டு விலகி, சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, சுவரோரமாக நின்றாள்.

"யாரு, நம்ம கருப்பு மகளா? அட! இங்கனதான் இருக்கியா நீயி?"

"ஆமாங்கய்யா."

"நல்லாரு. கருப்பு எங்க காட்டுலதான கெடந்தான். நல்ல ஒழைப்பாளி."

அவர் விரட்டவும் இல்லை, அதட்டவும் இல்லை. பிரியமாகத்தான் பேசினார். ஏதோ நில வரைபடத்தின் நகல் வேண்டும் என்றார். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆளை அனுப்பி வாங்கித் தரவேண்டிய சூப்பிரண்டு, தானே பக்கத்து அறைக்கு ஓடி வாங்கிவந்து, இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் பார்வையாளர் நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்து அதைப் பார்த்தார். அவர் எழுந்து போகும்வரை அவள் உட்காரவில்லை.

ஹம்சவேணியின் கையிலிருந்து ஒரு குண்டூசி டப்பா விழுந்தது அந்த நேரத்தில்தான். பொறுக்கக் குனிந்தவள் மேஜைக்கு அடியில் பார்த்தாள். பாண்டிமீனாவின் செருப்பு இரண்டும் ஓரமாக, ஒன்றோடொன்று சேர்ந்து கிடந்தன. அவள் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள்.

பெரியவர் போன பிறகு ஹம்சவேணி மெல்லக் கேட்டாள். "செருப்ப எதுக்கு மேடம் கழட்டுனீங்க?"

பாண்டிமீனா குனிந்து தன் காலைப் பார்த்தாள். பார்த்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து, ஏன் கேட்டோம் என்று ஹம்சவேணி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மத்தியானம் இரண்டு பேரும் பழைய கோப்புக் கட்டுகள் வைக்கும் அறையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். அங்கே ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் உண்டு, ஆள் வராது. தனியாக இருக்கும்போது ஹம்சவேணி அவளை மீனா என்றுதான் கூப்பிடுவாள். பாண்டிமீனா டப்பாவைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தாள்.

"நான் எந்திரிக்கலக்கா" என்றாள் கடைசியில். "என் காலு எந்திரிச்சிருச்சு."

பிறகு சொன்னாள். காலையில் வந்தவர்தான் அந்த ஊரில் பெரியவீட்டுக்காரர். அவர் வந்தால் இவர்கள் தெருவில் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. சைக்கிளில் போகிறவர்கள் இறங்குவார்கள். செருப்பு கைக்குப் போகும். குழந்தைக்கு நடக்கவருகிறபோதே இதுவும் வந்துவிடும். அவள் சிறுமியாக இருந்தபோது ஒருநாள் கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டு எழாமல் இருந்துவிட்டாள். அம்மா இருளாயி தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். ஏன் கிள்ளினாள் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு கிள்ளவேண்டிய தேவையும் வரவில்லை.

"ஏம்மா எந்திரிக்கணும்னு பெரிய பிள்ளையானப்புறம் கேட்டேன். அவுக பெரியாளு, அது மரியாதைன்னுச்சு. அம்மாவுக்கு அம்புட்டுத்தான் தெரியும்."

"இந்தக் காலத்துல இப்படியுமா?" என்று ஹம்சவேணி கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். "எங்க தெருவுலயெல்லாம் இந்த மாதிரி எதுவுமே கெடயாது மீனா."

"நீங்க யாருக்கும் எந்திரிக்க மாட்டீங்களாக்கா?"

"மாமனார் கூடத்துக்கு வந்தா எந்திரிச்சு உள்ள போயிருவேன். அது மரியாதை. அது வேற."

பாண்டிமீனா அன்று முதல்முறையாகச் சிரித்தாள். ஹம்சவேணிக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. பேச்சை மாற்றி, கத்திரிக்காய் கூட்டை அவள் டப்பாவில் எடுத்து வைத்தாள்.

விஷயம் அதோடு போயிருந்தால் கதையே இல்லை. புரட்டாசி பிறந்ததும் ஒரு மனு வந்தது. பெரியவீட்டுக்காரர் ஊருக்கு அடுத்த ஊர். அங்கே காலனி ஜனங்கள் பிணம் எடுத்துப்போகிற பாதை அவர் தோட்டத்தை ஒட்டிப் போகிறது. புதிதாக மோட்டார் போட்டவர், பாதையையும் சேர்த்து வளைத்து வேலி அடைத்துவிட்டார். மழைக்காலத்தில் ஒரு சாவு விழுந்து, ஜனங்கள் இடுப்பளவு ஓடைத் தண்ணீரில் பாடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். செத்தவனின் தாய் சோணையம்மாள்தான் மனுவில் முதலாவதாகக் கைநாட்டு வைத்திருந்தாள்.

இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரித்து, வாக்குமூலம் வாங்கி, அறிக்கை வைக்கவேண்டியது பாண்டிமீனாவின் பிரிவு. அதிகாரி நல்ல மனிதர். அவளை அழைத்து, "எதிர்மனுதாரர் உங்க ஊர்க்காரராமே. சங்கடமா இருந்தா சொல்லுங்க, வேற ஆளுக்கு மாத்திர்றேன்" என்றார். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

"லீவு போட்டுருங்க மீனா" என்றாள் ஹம்சவேணி. "எதுக்கு இந்த வம்பு?"

"அந்த ஜனங்க விடியக்காலம் பஸ் ஏறி வரப்போறாங்கக்கா. வந்து வாசல்ல நிப்பாங்க. மொதல்ல என்ன பாப்பாங்க தெரியுமா? இந்த நாற்காலியத்தான் பாப்பாங்க. அவரு உள்ள வர்றப்ப நான் எந்திரிச்சேன்னு வைங்க, அம்புட்டுத்தான். அதுக்குப் பெறகு அவங்க வாயத் தொறக்க மாட்டாங்க. பாதையே இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருவாங்க."

"அதுக்குத்தான் லீவு போடச் சொல்றேன்."

"லீவு போட்டா ஆபீசுக்குத் தெரியாது. என் காலுக்குத் தெரியும்ல? பெறகு அது எப்பவும் என் பேச்சக் கேக்காது."

 ஹம்சவேணிக்கு ஒரு யோசனை உதித்தது. அவள் யோசனைகள் பொதுவாக வீட்டில் எடுபடுவதில்லை, இது எடுபட்டது. பெரியவர் வருவது போல் தான் வருவது, பாண்டிமீனா உட்கார்ந்தே இருப்பது. பழகப் பழக வந்துவிடாதா? தினம் மத்தியானம், கட்டு அறையில், சாப்பாடு முடிந்த கையோடு.

முதல் நாள் நல்லகாமனின் துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, தொப்பையைத் தள்ளிக்கொண்டு ஹம்சவேணி உள்ளே வந்தாள். பாண்டிமீனா உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்குத் தொப்பையே கெடயாதுக்கா. நீங்க கல்யாண வீட்டு சமையக்காரர் மாதிரி வாரீங்க."

இப்படிப் போனால் ஆகாது என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. பாண்டிமீனா எழுந்து, அவர் எப்படி வருவார் என்று சொல்லிக்கொடுத்தாள். முதலில் சத்தம் வரவேண்டும், ஆள் அப்புறம். வாசலில் ஒரு நொடி நிற்கவேண்டும், எதற்காகவும் இல்லை, நிற்கிறோம் என்பதற்காக. கண் யார் முகத்திலும் விழக்கூடாது. கையை வீசக்கூடாது, அவசரம் என்பதே உடம்பில் இருக்கக்கூடாது. உலகத்தில் எந்த நாற்காலியும் தனக்காகத்தான் போட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வரவேண்டும்.

இதற்குள் நல்லகாமன் மோப்பம் பிடித்துவிட்டார். "ஆண்டு விழா நாடகமா மேடம்?" என்று தலையை நீட்டினார். இல்லை என்று சொல்ல வாய் எடுப்பதற்குள், "அந்தச் செருமல் சரியில்லையே. அடி வயித்துலருந்து வரணும். இந்தா பாருங்க" என்று ஒன்று போட்டார். அறையின் ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது. எங்கிருந்தோ ஒரு பழைய தோல் செருப்பும் கொண்டுவந்து கொடுத்தார். ஹம்சவேணியின் காலுக்கு அது ஓடம், ஆனாலும் கிறீச்சிட்டது.

அவள் வீட்டிலும் பழகினாள். கூடத்தில் ஆளில்லாதபோது கண்ணாடி முன்னால் நடந்து பார்த்தாள். பார்வையைச் சுவருக்கு உயர்த்திப் பழகினாள். இளைய மகன் கார்த்திகேஷ், "அம்மாக்குக் கழுத்து சுளுக்கு" என்று பாட்டியிடம் போய்ச் சொன்னான்.

நாலைந்து மத்தியானம் போயிருக்கும். ஹம்சவேணி கதவுக்கு வெளியே நின்று, செருப்பைத் தேய்த்து, செருமி, வாசலில் ஒரு நொடி நின்று, சுவரைப் பார்த்தபடி உள்ளே நுழைந்தாள். டக்கென்று பாண்டிமீனா எழுந்துவிட்டாள்.

இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அந்த ஒரு நொடியில் ஹம்சவேணிக்கு உள்ளுக்குள் இனித்தது. இத்தனை வருஷத்தில் அந்த அலுவலகத்தில் அவளுக்காக யாரும் எழுந்ததில்லை, வீட்டில் கேட்கவே வேண்டாம். தன்னைப் பார்த்ததும் இன்னொரு உடம்பு பதறி எழுகிறது என்றால் அது இப்படித்தான் இருக்குமா! அந்த இனிப்பு நெஞ்சைவிட்டு இறங்குவதற்குள் அவளுக்குப் பயம் வந்துவிட்டது. துண்டை எடுத்து மேஜையில் எறிந்தாள்.

"இது வேண்டாம் மீனா. பாவம் சேரும்."

"இல்லக்கா. இப்பத்தான் பாடமே ஆரம்பிக்குது. மறுக்கா வாங்க."

மறுபடி வந்தாள். மறுபடி எழுந்தாள். ஒருநாள் பாண்டிமீனா சேலைத் தலைப்பை நாற்காலிக் கையில் முடிச்சுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்து, இரண்டும் சேர்ந்து கட்டுகள் மேல் சாய்ந்தன. நல்லகாமன் ஓடிவந்து தூக்கிவிட்டார். அன்றைக்குத்தான் அவர், "இது நாடகம் இல்லபோல" என்று முணுமுணுத்தார். யாரைப் பற்றி என்பதும் அவருக்குப் பிடிபட்டிருக்க வேண்டும், ஏனென்றால் பெரியவீட்டுக்காரரின் தோப்பு எவ்வளவு, அவர் சொல்லுக்கு எத்தனை ஊர் கட்டுப்படும், எந்த மந்திரி அவர் வீட்டில் கை நனைத்தார் என்பதெல்லாம் அந்த வாரத்துக்குள் அலுவலகம் பூராவும் பரவிவிட்டது. நல்லகாமன் வாய் அப்படி.

உட்காருவது ஒன்று. அதைவிடப் பெரியது இன்னொன்று இருந்தது. விசாரணை என்றால் முதல் கேள்வி பெயர். அவர் பெயர் முத்திருளப்பன். அந்தப் பெயரை அவர்கள் தெருவில் எவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. யாரோ ஒருவர் தன் பிள்ளைக்குத் தாத்தா பெயர் என்று அதை வைக்கப்போய், பின்னால் அந்தப் பிள்ளையைச் சாகும்வரை சின்னவன் என்றே கூப்பிட்டார்களாம். கட்டு அறையில் உட்கார்ந்து பாண்டிமீனா அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். முதல் எழுத்தைத் தாண்டவில்லை.

"ஓங்க பேரு என்னன்னு கேட்டாப் போதும் மீனா. பேர அவரு சொல்லட்டும்."

"அதுதான்க்கா வாயில வரமாட்டேங்குது. பேரக் கேக்குறதுன்னா, எனக்குத் தெரியாத ஆளுன்னு ஆயிருது. ஊரே அறிஞ்சவர எனக்குத் தெரியாதுன்னு எப்படிச் சொல்றது?"

விடவில்லை அவள். அதுதான் ஹம்சவேணி அவளிடம் கண்ட அதிசயம். வேறு ஒருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள், அல்லது ஊரைத் திட்டிவிட்டு ஓய்ந்திருப்பாள். இவள் ஒரு பரீட்சைக்குப் படிப்பது போல உட்கார்ந்து படித்தாள். எங்கே உடம்பு முதலில் அசைகிறது என்று கவனித்தாள். குதிகால்தான் முதலில் எழும்புகிறது என்று கண்டுபிடித்தாள். குதிகாலைத் தரையில் ஊன்றினால் தொடை எழும்ப முடியாது. தொடை எழும்பவில்லை என்றால் வாய்க்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் பெயரைக் கேட்டுவிட வேண்டும். இப்படிச் செருப்புக் கால் முதல் நாக்கு வரை தன் உடம்பை வழிக்குக் கொண்டுவரப் பார்த்தாள். விசாரணைக்கு முந்தின நாள் பத்துக்கு ஏழு தரம் உட்கார்ந்திருந்தாள். மூன்று தரம் எழுந்தாள்.

விசாரணை நாள் காலையில் ஹம்சவேணி வந்தபோதே காலனி ஜனங்கள் வராந்தாவில் இருந்தார்கள். பெஞ்சு காலியாகக் கிடந்தது. ஆறேழு பேரும் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். நல்லகாமன் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நடுவில் ஒல்லியாக, வெற்றிலைக் காவி படிந்த பல்லோடு ஒருத்தி. அதுதான் சோணையம்மாளாக இருக்கவேண்டும். அவள் கண் திறந்த கதவு வழியாக உள்ளே இருந்த நாற்காலியின் மேலேயே இருந்தது.

பாண்டிமீனா சொன்னது அப்படியே நடக்கிறதே என்று நினைத்துக்கொண்டே ஹம்சவேணி உள்ளே போனாள். வாக்குமூலம் அடிப்பதற்காக அவள் தட்டச்சுப் பொறியை சூப்பிரண்டு மேஜைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். உட்கார்ந்து, கார்பன் வைத்து, தாளைச் சுற்றினாள். பிறகு குனிந்து பார்த்தாள். பாண்டிமீனாவின் காலில் செருப்பு இருந்தது. குதிகால் தரையில் ஊன்றியிருந்தது. கால் விரல்கள் வெளுத்திருந்தன.

"மீனா" என்றாள் ரகசியமாக. "நான் பக்கத்துலயே இருக்கேன். பயப்படாதீங்க."

"சரிக்கா."

பதினொன்று அடித்துக் கொஞ்ச நேரத்தில் சத்தம் வந்தது. கார் கதவு சாத்தும் சத்தம், கூட வந்தவர்களின் பேச்சு, பிறகு அந்தச் செருப்பு. வராந்தாவில் நின்றவர்கள் இன்னும் கொஞ்சம் சுவருக்குள் போனார்கள். செருமல். கதவருகே ஒரு நொடி. பெரியவீட்டுக்காரர் உள்ளே வந்தார். பின்னால் ஒரு வக்கீல், நாலைந்து வெள்ளை வேட்டிகள். அறையே சட்டென்று சின்னதாகிவிட்டது போல் இருந்தது.

ஹம்சவேணி அவரைப் பார்க்கவில்லை. பாண்டிமீனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பாண்டிமீனாவின் தோள் ஒரு தரம் தூக்கிப்போட்டது. இடது கை மேஜை விளிம்பைப் பற்றியது. கழுத்து நரம்பு புடைத்தது. எழுந்துவிடுவாள், இதோ எழப்போகிறாள். தாயே மீனாட்சி, அவளை உட்காரவை!

பாண்டிமீனா எழவில்லை.

"வாங்க. உக்காருங்க" என்றாள். "ஒங்க பேரு?"

பெரியவர் சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "என்ன தாயி, விளையாடுறியா? எம்பேரு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியுங்க. எனக்குத் தெரிஞ்சா பத்தாது. வாக்குமூலத்துக்கு நீங்கதான் சொல்லணும்."

வராந்தாவில் யாரோ இருமினார்கள். வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்து, எடுத்த வாயை மூடிக்கொண்டார். பெரியவர் நாற்காலியைப் பார்த்தார், தன்னோடு வந்தவர்களைப் பார்த்தார். யாரும் உதவிக்கு வரவில்லை. தோள் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"முத்திருளப்பன்" என்றார். "தகப்பனார் பேரு பெரியகருப்பத்தேவ... பெரியகருப்பன்."

"முத்திருளப்பன்" என்று பாண்டிமீனா திருப்பிச் சொன்னாள். முழுப் பெயரையும், ஒரு எழுத்துகூடச் சிந்தாமல். "அடிங்கக்கா."

சத்தம் வரவில்லை.

"அக்கா, அடிங்க."

ஹம்சவேணி விரலை நீட்டினாள். விசைகள் எட்டவில்லை. ஏன் எட்டவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை. தட்டச்சுப் பொறி கீழே எங்கோ இருந்தது. பிறகுதான் தன் நாற்காலி பின்னால் தள்ளிக் கிடப்பதும், தன் தலைப்பு தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்தியிருப்பதும் அவள் கண்ணில் பட்டது. அவள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

அவள் மட்டும் இல்லை. கிளார்க்குகள், கணக்கர், மூலையில் எப்போதும் பத்திரிகை படிக்கிற ஜூனியர், எல்லாரும் அவரவர் மேஜைக்குப் பின்னால் எழுந்து நின்றார்கள். யாருக்கும் அந்த மனிதர் ஒரு பைசா கூலி கொடுத்ததில்லை. யார் அம்மாவும் யார் தொடையிலும் கிள்ளியதில்லை. அந்த அறையில் அவரைத் தவிர உட்கார்ந்திருந்தது ஒரே ஒருத்திதான்.

கொஞ்ச நாள் மத்தியானம், அதுவும் விளையாட்டாக, சமையல்காரர் மாதிரி நடந்து நடந்து பழகினது. ஊர்க் கதையை நல்லகாமன் வாயால் ஒரு வாரம் கேட்டது. ஹம்சவேணியை எழுப்பி நிறுத்த அவ்வளவு போதுமாக இருந்தது. பாண்டிமீனாவுக்குப் பிறந்ததிலிருந்து வருஷக்கணக்கான பாடம். அவள் அம்மாவுக்கு, அம்மாவின் அம்மாவுக்கு, அந்தத் தெருவுக்கே அதே பாடம். இந்த அறை மொத்தமும் எழுந்து நின்று, நீயும் எழு, நீயும் எழு என்று சொல்லாமல் சொன்ன நேரத்தில், அத்தனையையும் தன் இரண்டு குதிகாலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். தான் பக்கத்தில் இருந்து தைரியம் சொன்னதாக நினைத்ததை எண்ணி ஹம்சவேணிக்கு வெட்கமாக இருந்தது. அவள் காலைத் தொட்டுக் கும்பிடலாம் என்றும் இருந்தது.

பாண்டிமீனா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் ஏளனம் இல்லை. எழுந்து நின்றவளின் கால் என்ன பாடுபடும் என்று தெரிந்தவளின் பார்வை அது.

"உக்காருங்கக்கா" என்றாள், வீட்டில் தங்கையோ மகளோ சொல்வது போல மெதுவாக. "நின்னுக்கிட்டு எப்படி அடிப்பீங்க?"

ஹம்சவேணி உட்கார முயன்றாள். முழங்கால் மடங்க மறுத்தது. குதிகாலை ஊன்றினாள். கையால் பின்னால் தடவி நாற்காலியைத் தேடி, அதைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்லத் தன்னை இறக்கினாள்.